சிங்கப்பூர் மாடியிலிருந்து ஐடாவின் சுழற்சியை அளப்பது

தெருவிளக்கு வெளிச்சத்தில் முங்கிக் கிடக்கும் நம் வானத்தில் 14-ஆம் மேக்னிடியூட் (பொலிவைக் குறிக்கும் எண்; கூடக் கூட மங்கல்) சிறுகோளை அளக்க முடியுமா? முடியும். வானத்தின் வெளிச்சத்தைவிட நம்மைத் தோற்கடிப்பவை மேகம், ஈரம், மவுண்டின் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தாங்கியின்) சாய்வு இந்த மூன்றும்தான்.

தொடங்குவதற்கு 243 ஐடாவைப் பரிந்துரைக்கிறேன். 1884-இல் வியன்னாவில் யோகான் பலீசா கண்டுபிடித்தது. 1993 ஆகஸ்ட் 28 அன்று கலிலியோ விண்கலம் சுமார் 2,400 கி.மீ. தொலைவில் இதைக் கடந்தது. டாக்டைல் என்ற துணைக்கோள் அந்தப் படங்களில்தான் தெரிய வந்தது. சூரியனிலிருந்து ஐடாவின் சராசரித் தொலைவு 2.86 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு ஓர் அலகு). வியாழனின் ஈர்ப்பு 2.82-இல் கிட்டத்தட்டக் காலியாக்கி வைத்திருக்கும் இடைவெளியைத் தாண்டி, சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில் இருக்கிறது. அந்தப் பக்கம் கரிப்பொருள் நிறைந்த கறுத்த சிறுகோள்களே அதிகம். ஐடா சார்ந்த கொரோனிஸ் குடும்பமோ (ஒரு மோதலில் சிதறிய கற்களின் கூட்டம்) சிலிக்கேட் கல். விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் அளவுக்கு மீறிப் பொலிவாகத் தெரியும்.

இதன் சுழற்சிக் காலம் 4.634 மணி, அதாவது சுமார் 4 மணி 38 நிமிடம். நீளம் 60 கி.மீ.க்கு அருகில், அகலம் அதில் பாதிகூட இல்லை. நீண்ட பக்கம் நம்மைப் பார்க்கையில் பொலிவு கூடும், முனை திரும்புகையில் குறையும். ஒரு சுற்றில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். பார்க்கும் கோணம் வாய்த்த ஆண்டுகளில் வேறுபாடு 0.8 மேக்னிடியூட் வரை போகும். நம் கருவிக்கு இது தாராளம். டாக்டைலை மட்டும் மறந்துவிடுங்கள். 1.4 கி.மீ. கல் அந்த ஒளியில் சேர்ப்பது 0.002 மேக்னிடியூட் அளவுதான்.

நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. சூரியனுக்கு நேரெதிரே, அதாவது எதிர்நிலைக்கு, வரும் சிறுகோள்களில் பெரும்பாலானவை இங்கே தலைக்கு மேலே உயரத்தில் கடக்கும். 30 பாகைக்கு மேலே ஏறத்தாழ 8 மணி நேரம் கிடைக்கும். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முந்தி ஓடுவதால், உச்சம் நள்ளிரவில் இல்லை, 1 மணிக்குச் சற்றுப் பின்முன். ஆக இரவு 9 முதல் காலை 5 வரை; மேகம் விட்டுவைத்தால் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஒரே இரவில் முடியும். வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் மாறுவது 12 மணி யூடிசிக்கு (உலகப் பொது நேரம்), அதாவது நமக்கு இரவு 8 மணி. நாம் 9 மணிக்குத் தொடங்குவதால் நடு இரவில் எண் மாறும் குழப்பம் இல்லை.

நட்டம் மவுண்டில். துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 1 பாகையை ஒட்டி இருக்கிறது. எதிர் புளோக்கின் பின்னால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்க உதவும் துருவத் தொலைநோக்கி இங்கே வீண். படமெடுப்பைக் கட்டுப்படுத்தும் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பகுதியிலும் வேலை செய்யும், அதையே நம்பலாம். அடுத்தது சாய்வு. ஜெர்மன் வகை மவுண்ட்கள் பலவற்றில் அட்சரேகைத் திருகு 15, 20 பாகைக்குக் கீழே இறங்காது. முக்காலியின் வடக்குக் காலைக் குறைத்துச் சமாளிக்கிறார்கள், 200 மி.மீ. குழாய் ஏறியதும் மொத்தமும் வடக்கே கவிழப் பார்க்கும். வெட்டி எடுத்த ஆப்புத் தட்டு வைப்பது பாதுகாப்பு. அச்சு கிடைமட்டமாகப் படுத்துவிடுவதால் எடைக்கம்பி முக்காலிக் காலில் இடிக்கும்; நடுவில் 20 செ.மீ. நீட்டிப்புக் குழாய் வேண்டும். புதிதாக வாங்குபவர் 0 பாகை வரை இறங்கும் ஹார்மோனிக் டிரைவ் மவுண்டைப் பார்க்கலாம்.

200 மி.மீ. விட்டம், 1,000 மி.மீ. குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கறுப்புவெள்ளை கேமரா என்று வைத்துக்கொண்டால், 2×2 (நாலு பிக்சலை ஒன்றாகச்) சேர்த்தபின் ஒரு பிக்சல் 1.55 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). ஐடா எதிர்நிலைக் காலத்தில் நிமிடத்துக்கு அரை விகலையை ஒட்டி நகரும். 60 நொடிப் படத்தில் அது இழுபடாது. 120-க்கு மேல் போனால் நட்சத்திரம் வட்டமாகவும் ஐடா சற்று நீண்டும் வரும். ஒரே துளை அளவில் (ஒளியைக் கூட்டிப் பார்க்கும் வட்டத்தின் அளவில்) இரண்டையும் அளப்பது அப்போது பிழை. சிவப்பு வடிகட்டி போடுங்கள். எல்இடியின் நீலமும் தாழ்வான உயரத்து நிறப்பிழையும் குறையும். ஒரு படத்துக்கு 0.02 மேக்னிடியூட் துல்லியம் எட்டக்கூடியதே.

கேமரா சென்சாரின் வெப்பநிலையை -20 டிகிரி வரை இழுக்க ஆசைப்பட வேண்டாம். 28 டிகிரி இரவில் குளிரூட்டி முழு வலுவில் திணறும், வெப்பநிலை ஆடும், டார்க் படங்கள் (மூடியிட்டு எடுத்து, சென்சாரின் இரைச்சலைக் கழிக்க உதவுபவை) ஒத்துப்போகாது. 0 அல்லது -5 போதும். சிலிக்கா ஜெல்லை மாற்ற மறந்தால் கேமராக் கண்ணாடியின் நடுவில் பனி வட்டம் பூக்கும். வளைகோட்டில் (நேரத்தோடு பொலிவு மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) அது மெதுவான இறக்கமாகத் தெரிந்து, ஐடா திரும்புகிறது என்று நம்ப வைக்கும். முன்கண்ணாடிக்குச் சூடேற்றும் பட்டை கட்டாயம். வேலை முடிந்ததும் டிரை கேபினட், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம். இல்லாவிட்டால் பூஞ்சை.

ஒப்பீட்டு நட்சத்திரங்கள் நாலைந்து, சூரியன் நிறத்தை ஒட்டியவையாக இருக்கட்டும். கல் சிறுகோள் சற்றுச் சிவந்தது. நீல நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் சிறுகோள் வானில் தாழ இறங்க இறங்க வளைகோடு சாயும். அடிக்கடி ஏமாற்றுவது, ஐடா உச்சத்தைக் கடக்கையில் குழாயை மறுபக்கம் மாற்ற மவுண்ட் புரளும் இடம். புரண்டபின் எல்லாம் சென்சாரின் எதிர்ப் பக்கத்தில் விழும். ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம்) சரியில்லையென்றால் அங்கே ஒரு படி விழும். அது சுழற்சி அல்ல. புரள்வதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைத் தனி அமர்வுகளாகவே மென்பொருளில் ஏற்றுங்கள்.

மேகம் பாதி இரவைத் தின்றுவிட்டால் இன்னொரு வலை காத்திருக்கிறது. ஐடா 24 மணியில் 5.18 சுற்று சுற்றுகிறது. இரண்டு இரவுகளின் அரைகுறைத் துண்டுகளை ஒட்டும்போது அரைச்சுற்று தவறினால் 5.13 அல்லது 4.23 மணி என்று அழகான, பொய்யான விடை வரும். ஏற்றங்கள் இரண்டும் ஒரே அச்சாக இருப்பதில்லை. அதனால் ஒரு முழுச்சுற்றாவது தொடர்ச்சியாகக் கிடைக்கும் இரவைப் பிடித்தால் இந்தச் சிக்கல் தீரும். டிசம்பர், ஜனவரி மழையில் முயல வேண்டாம். பிப்ரவரி நல்லது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வந்தால் அந்த இரவுகளை ஒதுக்குங்கள்.

நேரம் பதிகையில் படத்தின் நடு நொடியைப் பதிய வேண்டும். ஐடா பூமியிலிருந்து 1.86 வானியல் அலகில் இருக்கும்போது ஒளி இங்கு வர சுமார் 15.5 நிமிடம். வாரக்கணக்கில் தொலைவு மாறும்போது இதுவும் மாறும். திருத்தாமல் விட்டால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.

அளந்து தீர்ந்த கோளை ஏன் மறுபடி அளக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 2002-இல் ஸ்டீபன் ஸ்லிவன் இந்தக் குடும்பத்தின் சுழலச்சுகள் தாறுமாறாக இல்லை, இரண்டு கூட்டமாக ஒழுங்குபட்டிருக்கின்றன என்று காட்டினார். மோதலில் சிதறிய கற்களைச் சூரிய வெப்பம் மெல்லத் திருகியதே காரணம் என்பது பின்னர் வந்த விளக்கம். பின்னோக்கிச் சுழலும் கூட்டத்தில் ஐடாவும் ஒன்று. அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பல கோணங்களிலிருந்து எடுத்த வளைகோடுகள்தான் சொல்லும், கோணம் மாற அடுத்த எதிர்நிலை வேண்டும். ஐடாவுக்கு அது சுமார் 15 மாதத்துக்கு ஒருமுறை. ஐடாவில் கை பழகியபின் அதே குடும்பத்தின் சிறிய கற்களுக்குப் போகலாம். அங்கே அளக்கப்படாதவை இன்னும் நிறைய.