கூட்டுறவுத் தாளுக்கு நான் படித்த விதம்

கூட்டுறவு சங்க உதவியாளர் வேலைக்கு நான் இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்தில் கோட்டை விட்டேன். 1904 கடன் சங்கச் சட்டம், 1912 சட்டம், 1983 தமிழ்நாடு சட்டம் எல்லாம் மனப்பாடம். "ஒரு உறுப்பினர் நூறு பங்கு வைத்திருந்தால் அவருக்கு எத்தனை ஓட்டு?" என்று கேட்டார்கள். நூறு என்றேன்.

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். ஆச்சி ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு பால் சொசைட்டியில் ஊற்றுகிறவள். அவளிடம் இதைச் சொன்னேன். "பத்து மாடு வச்சிருக்கவருக்கும் ஒரு ஓட்டுதான் தாயி, எனக்கும் ஒரு ஓட்டுதான்" என்றாள். மறுநாளிலிருந்து காலையில் தூக்குவாளியோடு நானும் போனேன். கொழுப்புச் சத்து பார்த்து விலை போடுவதையும், ஊற்றிய பாலின் கணக்குக்கு ஏற்ப போனஸ் கொடுப்பதையும் அங்கேதான் பார்த்தேன். 1844இல் இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் 28 பேர் தொடங்கிய கடையும், வாங்கிய சரக்குக்கு ஏற்பத்தான் உபரியை, அதாவது செலவு போக மிஞ்சியதை, உறுப்பினர்களுக்குப் பிரித்தது. புத்தகத்தில் பலமுறை படித்த வரி அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் எதைப் படித்தாலும் இரண்டே கேள்வி கேட்டேன்: முடிவெடுப்பது யார், உபரி எங்கே போகிறது? ஆய்க்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம் போன்ற தொண்டு நிறுவனத்தில் உபரியை யாரும் பங்கு போட முடியாது, சேவைக்கே திரும்பும். சமூக நோக்கத்துக்காகத் தொழில் நடத்தும் சமூகத் தொழில் முயற்சிக்கு நம் நாட்டில் தனிச் சட்டமே இல்லை. அறக்கட்டளையாகவோ கம்பெனியாகவோ இருக்கலாம். இதற்கு உதாரணமாகத் திருநெல்வேலியிலும் கிளை உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையை எழுதுங்கள்: கட்டணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் வசதி இல்லாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை நடக்கிறது.

கூட்டுறவு பற்றிய அரசியல் சட்டத்தின் 97ஆவது திருத்தத்தைப் பழைய கையேட்டில் மட்டும் படிக்காதீர்கள். கூட்டுறவு சங்கம் அமைக்கும் உரிமை 19ஆவது பிரிவில் இருக்கிறது, கூட்டுறவு சங்கங்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிற 43பி பிரிவும் இருக்கிறது. ஆனால் சங்கங்களை நடத்தும் விதிகளைச் சொல்லும் 9பி பகுதி மாநிலச் சங்கங்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது.

புகழ்ச்சி மட்டும் எழுதினால் விடை நிறையாது. தேர்தல் நடக்காமல் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கையில் சங்கம் இருந்தால், ஆச்சியின் அந்த ஒரு ஓட்டுக்கு வேலையே இல்லை. இதையும் எழுதுங்கள்.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் பேரவைக் கூட்டம் என்றைக்கு என்று விசாரியுங்கள். செயலாளரிடம் கேட்டுக்கொண்டு பின்னால் உட்காருங்கள். வரவு செலவு வாசிக்கும்போது சங்கம் சேமித்து வைக்கும் காப்பு நிதிக்கு எவ்வளவு, பங்குக்குத் தரும் ஈவுக்கு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.