ஒரு பை கிழிந்தால் யாருடைய கூலி போகிறது?

தூசு மாசுக்காகச் சிமெண்ட் ஆலைக்கு மூடல் நோட்டீஸ் வந்துவிட்டது என்ற பேச்சு முதலில் சூடு பிடிக்கும் இடம், சிமெண்டை மூட்டையில் அடைக்கும் பேக்கிங் பிளான்ட். கில்ன், அதாவது கல்லைச் சுடும் சூளை, நின்றாலும் நிரந்தரப் பணியாளருக்குச் சம்பளம் உண்டு. கில்னின் உட்செங்கல் மாற்றுவது, கியர் பார்ப்பது என்று வேலையும் உண்டு. கில்னில் சுட்டெடுத்த கட்டியான கிளிங்கர் கையிருப்பில் இருக்கும்வரை அரவை மில் ஓடும். அது தீர்ந்த அன்று, மூட்டைக் கணக்கில் கூலி வாங்கும் லோடிங் ஆட்களும் டிரிப் கணக்கில் ஓடும் லாரிக்காரர்களும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். இவர்களிடம் போய் ‘காற்று முக்கியமா, வேலை முக்கியமா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? அப்படிக் கேட்பதே நிர்வாகத்துக்கு வசதியான ஏற்பாடு. நோட்டீஸ் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தள்ளிப்போடப்பட்ட பராமரிப்புதான்.

புகையிலுள்ள தூசைத் துணிப்பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டரைப் பாருங்கள். பெரிய கில்னுக்கு ஆயிரக்கணக்கில் பைகள் தொங்கும். தூசு பையின் வெளிப்பக்கம் படியும். அழுத்தக் காற்றை நொடிப்பொழுது அடித்து அதை உதிர்க்க வேண்டும். அந்தக் காற்றில் ஈரம் இருந்தால் தூசு பிசைந்த மாவாக ஒட்டிக்கொள்ளும். பைக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு ஏறும், ஃபேன் திணறும், உற்பத்தி குறையும். அவசரத்தில் ஆபரேட்டர் காற்றடிக்கும் இடைவெளியைக் குறைப்பார். வேறுபாடு இறங்கும், ஆனால் பை உள்ளே இருக்கும் கம்பிக்கூண்டில் ஓயாமல் அடிபட்டுத் தேயும். கூண்டில் துரு இருந்தால் இன்னும் சீக்கிரம். வெப்பம் எகிறினாலும் ஆபத்துதான்: கண்ணாடியிழைப் பை சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், பாலியஸ்டர் சுமார் 130 டிகிரியைத் தாண்டினாலே பலமிழக்கத் தொடங்கும்.

கிழிந்த பை எது என்று கண்ணால் தேடி மாளாது. ஒளிரும் பொடியை உள்வழிக் குழாயில் தூவி, ஃபேனைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, மேல்மூடியைத் திறந்து புறஊதா விளக்கை அடித்தால் கசியும் பையின் வாயில் பொடி பளிச்சென்று மின்னும். உதிரிப் பை ஸ்டோரில் இருந்தால் சின்ன வேலை. இல்லாவிட்டால், அந்தப் பிரிவை அடைத்துவிட்டு மற்றப் பைகள்மேல் சுமையை ஏற்றுவார்கள். அடுத்து அவை கிழியும்.

பைக்குப் பதில் மின்சாரத்தால் தூசைப் பிடிக்கும் பழைய மின்வீழ்படிவியில் கோளாறு வேறு விதம். கில்ன் வாயுவில் கார்பன் மோனாக்சைடு ஏறினால், தீப்பொறி பட்டு வெடிக்காமலிருக்க மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். சில நிமிடம் தூசு அப்படியே புகைபோக்கி வழியே போகும். ‘ராத்திரியில் வேண்டுமென்றே திறந்துவிடுகிறார்கள்’ என்று ஊர் பேசும் குற்றச்சாட்டில் ஒரு பகுதி இது. அதற்காக ஆலையை மன்னிக்க வேண்டியதில்லை. எரிபொருள் ஊட்டம் சீராக இருந்தால் இந்தத் துண்டிப்பு அபூர்வமாகவே வரும்.

உடனே மூடு என்ற உத்தரவும் எதிர்பார்த்த பலனைத் தராது. குளிர்ந்த கில்னைத் திரும்பச் சூடேற்ற ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் எரிபொருள் சரியாக எரியாது. வெப்பம் ஏறி இறங்குவதில் உட்செங்கல்லும் உதிரும். கில்னுக்குள் போகும் மூலப்பொருள் ஊட்டத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லி, பை மாற்றத்தை, உட்செங்கல் மாற்ற நிறுத்தும் அடுத்த ஷட்டவுனோடு சேர்த்துத் தேதி குறித்துக் கட்டாயப்படுத்தினால் காற்றும் மிஞ்சும், கூலியும் மிஞ்சும். தேதி தவறினால் அபராதம் உறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூசுக்குப் பை உண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு அது உதவாது. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட் 100 கிலோ சூடாகிச் சிதையும்போது 44 கிலோ வாயுவாகப் போய்விடும். அது கல்லுக்குள்ளேயே இருப்பது. ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்கு மேல் வருகிறது, எரிபொருள் புகை தனி. ஆகவே கிளிங்கரைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு உலைக் கசடு, சுட்ட களிமண் சேர்க்கிறார்கள். பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம் என்ற கலவை இப்போது பலராலும் பேசப்படுகிறது. குவாரியிலும் கில்னிலும் வேலை சுருங்கும்; கலவை, பரிசோதனைக்கூடம் பக்கம் கூடும். குவாரியில் டிரில் பிடித்தவரைத் தானாக யாரும் பரிசோதனைக்கூடத்துக்கு அழைக்கப்போவதில்லை.

நிலக்கரிக்குப் பதில் குப்பையை எரிப்பதும் புது வேலை தரும். எப்படிப்பட்ட வேலை என்று கேட்க வேண்டும். குப்பையில் உள்ள பிளாஸ்டிக்கின் குளோரின், கல்மாவைக் கில்னுக்கு முன் சூடேற்றும் ப்ரீஹீட்டரில் உப்பாகப் படிந்து, அதிலுள்ள புனல் வடிவச் சைக்ளோனை அடைக்கும். அடைப்பை எடுக்கப் போகிறவர் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆள். ஊட்டத்தை நிறுத்தி, அடைப்பை உதிர்க்கக் காற்றை வெடிப்பாக அடிக்கும் ஏர் பிளாஸ்டரைப் பூட்டி, கிளிங்கரை ஆற்றும் கூலரிலும் கீழ்த்தளங்களிலும் ஒருவரும் இல்லையென்று உறுதிசெய்து, ஒரே ஒரு துளையை மட்டும் திறந்து, ஒதுங்கி நின்று குத்த வேண்டும். அடைப்பு விட்டால் 800 டிகிரிச் சூட்டில் கல்மாவு தண்ணீர்போலப் பாயும். வெப்பக்கவச உடை இல்லாமல் அனுப்பிவிட்டு அதையும் ‘பசுமை வேலை’க் கணக்கில் சேர்க்கிற அறிக்கைகளைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

இதற்கிடையே மூட்டை ஏற்றும் வேலையை ஆட்டோ லோடர் என்ற இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. அதற்கும் மாசு விதிக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆட்களைப் பை பராமரிப்புக்குப் பழக்கலாம். ஆனால் அந்த வேலை குறைந்த டெண்டருக்கு வெளியே போகிறது. ஷட்டவுனுக்கு ஷட்டவுன் புது ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் மாட்டிய பையின் வளையம், பைகளைத் தாங்கும் தகட்டின் துளையில் சரியாக உட்காராமல் முதல் வாரத்திலேயே கசிகிறது.