எந்தப் பெயரை நம்புவது

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் விண்ணப்பத் தாளைப் படித்தாலே அந்த நோயாளி எவ்வளவு அலைந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். ரத்தக் கல்ச்சர் நெகட்டிவ். காசநோய் பிசிஆர் நெகட்டிவ். ஹெர்பிஸ் நெகட்டிவ். கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் நெகட்டிவ். எம்.ஆர்.ஐ.யில் மூளை உறை தடித்திருக்கிறது, காரணம் பிடிபடவில்லை. கடைசி வரியில் மெட்டாஜீனோமிக் சீக்வென்சிங் செய்து தரும்படி ஒரு கோரிக்கை. கூடவே வரும் குழாயில் தண்டுவட நீர் சில சொட்டுகள் இருக்கும். மற்ற பரிசோதனைகள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது அவ்வளவுதான்.

வழக்கமான பரிசோதனைகள் பெரும்பாலும் ஒரு சந்தேகத்திலிருந்து தொடங்குபவை. பிசிஆர் செய்ய வேண்டுமென்றால் இன்ன கிருமியாக இருக்கலாம் என்று முன்பே நினைத்து, அதை மட்டும் தேடிப் பிடிக்கும் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டைப் போட வேண்டும். ஆன்டிபாடி பரிசோதனையும் அப்படித்தான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அப்படிப்பட்ட சந்தேகம் வேண்டியதில்லை. ஆனால் கிருமி தட்டில் வளர வேண்டும். அதற்குள் ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிட்டால் அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். மெட்டாஜீனோமிக் முறையில், மாதிரியில் உள்ள டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, யாருடையது என்று பார்க்காமல் படிக்கிறோம். கருவி படித்துத் தரும் ஒவ்வொரு சிறு துண்டையும் ரீடு என்போம். தெரிந்த உயிரினங்களின் மரபணுத் தொகுதிகளோடு அவற்றைக் கணினி ஒப்பிட்டு, எது யாருடையது என்று பிரித்துக் கொடுக்கிறது.

இந்த முறையால் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதை மருத்துவ உலகம் கவனித்தது 2014-இல். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த 14 வயதுச் சிறுவன் அமெரிக்காவில் காய்ச்சல், தலைவலியோடு நான்கு மாதங்களில் மூன்று முறை மருத்துவமனைக்கு வந்தான். பிறகு மூளையில் நீர் கோத்து, வலிப்பு நிற்காமல், மருந்து கொடுத்து மயக்கத்தில் வைக்கும் நிலை. மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவனுடைய தண்டுவட நீரைப் படித்தபோது, 30,63,784 ரீடுகளில் 475 லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவுடையவை. மருத்துவமனையில் லெப்டோஸ்பைராவுக்கென்றே செய்த பரிசோதனைகள் அப்போதும் நெகட்டிவாகத்தான் இருந்தன. ஆனாலும் மருத்துவர்கள் அந்த 475-ஐ நம்பி சிகிச்சையை மாற்றினார்கள். 32 நாட்களில் அவன் ஏறக்குறைய பழைய நிலையில் வீடு திரும்பினான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, அந்த 475 ரீடுகளை நம்பலாம் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்ததே, அதை யோசித்துப் பாருங்கள் என்பேன். இந்த மாதிரியில் என்னென்ன இருக்கிறது என்று கருவி சொல்லும். இந்த மனிதரை எது படுக்கவைத்தது என்பது மருத்துவரின் கேள்வி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேருவதுதான் எங்கள் வேலை.

அந்தத் தூரம் ஏன் அவ்வளவு அதிகம்? ஒரு மனித செல்லில் 600 கோடிக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவில் சில பத்து லட்சம். பல ஆர்என்ஏ வைரஸ்களில் பத்தாயிரம் அளவுதான். அதனால் படித்த ரீடுகளில் மிகப் பெரும் பகுதி நோயாளியுடையதாகவே இருக்கும். தொற்றை எதிர்க்க வந்து குவிந்த வெள்ளணுக்களின் டிஎன்ஏவே கிருமியை எங்கள் பார்வையிலிருந்து மறைக்கிறது. தண்டுவட நீரில் செல் எண்ணிக்கை மிக அதிகம் என்று தாளில் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலை வந்துவிடும்.

நோயாளியுடைய ரீடுகளைக் கழித்த பிறகும் பட்டியல் நீளமாகவே இருக்கும். ஊசி தோலைத் துளைக்கும்போது கூடவே வரும் கியூட்டிபாக்டீரியம் இருக்கும். தண்ணீரிலும் ரசாயனக் கரைசல்களிலும் வாழும் ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் இருக்கும். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டுகள் கிருமி நீக்கப்பட்டவைதான். ஆனால் செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் நோயாளிகளின் மாதிரிகளோடு வெறும் தண்ணீரையும் ஒரு மாதிரியாகச் சேர்த்து, தொடக்கம் முதல் முடிவு வரை அதே கைகளால், அதே கிட்டால் செய்கிறோம். ரிப்போர்ட் பார்க்க உட்காரும்போது நான் முதலில் திறப்பது இந்தத் தண்ணீரின் பட்டியலைத்தான். அதைப் பார்க்காமல் நோயாளியின் பட்டியலைப் பார்ப்பவர்களை நான் அனுமதிப்பதில்லை.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்களுக்கு 2013-இல் நடந்ததை நினைவூட்டுவேன். காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி உள்ளவர்களிடம் புதிய வைரஸ் ஒன்று இருப்பதாக ஆய்வுக் கட்டுரை வந்தது. நோயாளிகள் பெரும்பாலோரிடம் இருந்தது, ஆரோக்கியமானவர்களிடம் இல்லை. பார்த்தால் நம்பத்தான் தோன்றும். அதே ஆண்டில் வேறொரு குழு அந்த வைரஸைத் தேடிப் போய், டிஎன்ஏ பிரித்தெடுக்கும் குழாய்களில் உள்ள சிலிக்காவில் அதைக் கண்டுபிடித்தது. சிலிக்கா தயாரிக்கப் பயன்படும் டயட்டம் என்ற நுண்பாசிகளிலிருந்து அது வந்திருக்கலாம் என்றார்கள். திறமையான, நேர்மையான விஞ்ஞானிகளுக்கே இப்படி நேர்ந்தது. அவசரத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனையில் இன்னும் எளிதாக நேரலாம்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு மாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் பல மாதங்களாகத் தலைவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நடையில் தள்ளாட்டம். காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கான மருந்து ஆரம்பித்திருந்தார்கள். கொஞ்சம் தேறினார், பிறகு அப்படியே நின்றுவிட்டது. அவருடைய பட்டியலின் அடிப்பகுதியில், இருபதுக்கும் குறைவான ரீடுகளோடு, ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா என்ற பாக்டீரியாவின் பெயர் இருந்தது.

இந்தப் பெயரைக் கண்டால் உடனே நம்பிவிடக் கூடாது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒக்ரோபாக்ட்ரம் என்ற பாக்டீரியா இதற்கு மிக நெருங்கிய உறவு. 2020-இல் வகைப்பாட்டியலாளர்கள் சிலர் அதைப் புருசெல்லா பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு மருத்துவ நுண்ணுயிரியலாளர்களிடம் கடும் எதிர்ப்பு உண்டு, நானும் அவர்கள் பக்கம்தான். கரைசலில் இருந்து வந்த அசுத்தமும், பல மாத சிகிச்சை தேவைப்படும் நோயும் ஒரே பெயரில் திரையில் தெரிந்தால் என்ன செய்வது?

அந்த ரீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகளோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புருசெல்லா மெலிடென்சிஸோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தின. ஒக்ரோபாக்ட்ரத்தோடு ஒவ்வொன்றிலும் சில எழுத்துகள் இடறின. அடுத்து, அவை எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தேன். பொய்யான ரீடுகள் பல உயிரினங்களுக்குப் பொதுவான ஏதாவது ஓரிடத்தில் குவிந்து கிடக்கும். உண்மையான கிருமியின் டிஎன்ஏ கண்டபடி உடைவதால் துண்டுகள் எங்கும் பரவி விழும். இந்தக் கிருமிக்கு இரண்டு குரோமோசோம்கள். இரண்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. தண்ணீர் மாதிரியில் அந்தப் பெயரில் ஒரு ரீடுகூட இல்லை.

முதல் போன் வார்டுக்கு அல்ல, எங்கள் கல்ச்சர் பிரிவுக்கு. புருசெல்லா காற்றில் கலந்து மூச்சில் போனாலே தொற்றும். ஆய்வக ஊழியர்களுக்கு வரும் தொற்றுகளில் முக்கியமானது அது. இவருடைய பாட்டில்களைப் பாதுகாப்புக் கேபினட்டுக்கு வெளியே திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வார்டு மருத்துவரை அழைத்தேன். கிருமியின் பெயரை முதலில் சொல்லவில்லை. பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்டால் எல்லாமே அதற்குப் பொருந்துவதுபோல் தோன்றிவிடும்.

"சார், இவருக்கு ஆடு மாடுகளோட பழக்கம் ஏதாவது உண்டா? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்ல முடியுமா?"

"ஃபைல்ல டிரைவர்னுதான் இருக்கு மேடம். இருங்க, கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

திரும்பக் கூப்பிட்டபோது அவர் குரலில் பரபரப்பு. "வண்டி ஓட்ட வர்றதுக்கு முன்னாடி செம்மறியாட்டுப் பண்ணையில இருந்திருக்கார் மேடம். ஆடு குட்டி போடறப்ப கையாலதான் எடுத்துவிடுவாராம். இப்பவும் அப்பப்போ போய் உதவி செய்வாராம். யாரும் கேக்கலியேங்கறார்."

ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஆன்டிபாடி பார்க்கச் சொன்னோம், இரண்டிலும் இருந்தது. காசநோய் மருந்தில் அவர் கொஞ்சம் தேறியதன் காரணமும் அப்போது புரிந்தது. அந்த மருந்துக் கூட்டில் உள்ள ரிஃபாம்பிசின் புருசெல்லாவுக்கும் வேலை செய்யும், ஆனால் தனியாக அது போதாது. அரைகுறையாக அடக்கிவைத்ததால்தான் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, ரீடுகளும் அவ்வளவு குறைவு. டாக்சிசைக்ளினும் செஃப்ட்ரையாக்ஸோனும் சேர்த்துப் பல மாதங்கள் சிகிச்சை நடந்தது. நடை தேறியது.

அந்த ரீடுகள் மட்டும் இருந்து, செம்மறியாட்டுப் பண்ணை தெரியாமல் போயிருந்தால் என் ரிப்போர்ட் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. விண்ணப்பத் தாளில் தொழில், பயணம், பிராணிகள், ஏற்கெனவே கொடுத்த மருந்துகள் என்ற கட்டங்கள் காலியாக வரும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். எல்லாவற்றையும் படிக்கும் பரிசோதனைதானே, விவரம் எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் படிப்பதால்தான் விவரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். காரணம் தெரியாத மூளை, மூளை உறை, தண்டுவட அழற்சியோடு வந்த 204 பேரிடம் செய்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 58 தொற்றுகள் கண்டறியப்பட்டன. அவற்றில் 13-ஐ சீக்வென்சிங் மட்டுமே பிடித்தது. அதே ஆய்வில் 26 தொற்றுகளை அது தவறவிட்டது. சிலவற்றில் நோய் வெளிப்படும் நேரத்துக்குள் வைரஸ் தண்டுவட நீரை விட்டுப் போய்விட்டது, ஆன்டிபாடிதான் மிச்சம். சிலவற்றில் கிருமி வேறு திசுவில் இருந்தது, சிலவற்றில் அளவு மிகக் குறைவு. காசநோய்க் கிருமிக்குத் தடித்த சுவர், எண்ணிக்கையும் சொற்பம், எளிதில் நழுவிவிடும். எங்கள் நெகட்டிவைப் பார்த்துக் காசநோய் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்வேன். அதே சமயம், நோயாளியின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது என்று சந்தேகிக்கும் மருத்துவருக்கு, ஸ்டீராய்டு கொடுக்கும் முன் இந்த நெகட்டிவ் கொஞ்சம் தைரியம் தரும்.

இதைக் கடைசி வழியாக வைத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து. பல வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு, ஆர்என்ஏ சிதைந்துபோன சில சொட்டுகளில் தேடுவதைவிட, முதல் முறை தண்டுவட நீர் எடுக்கும்போதே ஒரு சிறு குழாயை மைனஸ் 80 டிகிரியில் தனியாக வைத்துவிடலாம். மற்றவை கைவிரித்தால் அதை அனுப்பலாம், தேவைப்படாவிட்டால் நஷ்டமில்லை. 2016 முதல் 2023 வரை அதே கலிஃபோர்னியா ஆய்வகம் பரிசோதித்த 4,828 தண்டுவட நீர் மாதிரிகளில் 14.4 சதவீதத்தில்தான் ஏதாவது ஒரு கிருமி கிடைத்தது. குறைவாகத் தோன்றலாம். ஆனால் வேறு வழியில் பதில் கிடைக்காத பலர் அதில் இருக்கிறார்கள்.

பதில் கிடைக்காதவர்களின் ரீடுகளை நாங்கள் அழிப்பதில்லை. ஜெர்மனியில் வண்ண அணில்களை வளர்த்த மூவர் 2011-க்கும் 2013-க்கும் இடையில் மூளை அழற்சியால் இறந்தார்கள். அணில்களிடமிருந்து வந்த புதிய போர்னா வைரஸ்தான் காரணம் என்பது 2015-இல் சீக்வென்சிங் வழியாக வெளியானது. அதன் பிறகு அங்கே பழைய மூளைத் திசுக்களைத் திரும்பப் பரிசோதித்தபோது, அதன் உறவான இன்னொரு போர்னா வைரஸால் பலர் இறந்திருந்தது தெரிந்தது. ஒப்பிடும் தரவுத்தளத்தில் பெயர் இல்லாத கிருமியைக் கணினியால் சொல்ல முடியாது, தரவுத்தளமோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் அது புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய நெகட்டிவ் மாதிரிகளின் ரீடுகளை மறுபடி ஓட்டுகிறோம். பெரும்பாலும் எதுவும் வராது. நம்பத் தகுந்த ஒரு பெயர் வந்தால், நோயாளி வீடு திரும்பி எவ்வளவு காலம் ஆகியிருந்தாலும், அவருடைய மருத்துவரை அழைத்துச் சொல்லிவிடுகிறோம்.