பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையும் அதற்கு அப்பாலும்

விபத்துக்குள்ளான வண்டியைப் பார்வையிட்டு பிரேக் இன்ஸ்பெக்டர் தரும் அறிக்கையின் கடைசி வரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இயந்திரக் கோளாறு எதனாலும் இவ்விபத்து ஏற்படவில்லை. கானாடுகாத்தானுக்கும் திருமயத்துக்கும் இடையே என் சித்தப்பா மகன் ஓட்டிவந்த கார் புளியமரத்தில் மோதியபோது வந்த அறிக்கையும் அப்படியே முடிந்தது. வளைவில் ஸ்டீயரிங் இறுகிவிட்டது என்று தம்பி சொன்னதோ, முன்பக்கம் முழுவதும் நசுங்கியும் ஏர்பேக் இரண்டும் திறக்கவில்லை என்பதோ அதில் இல்லை. எஃப்.ஐ.ஆரிலும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வழக்கமான வாசகமே இருந்தது. காவல் நிலைய வளாகத்தில் பிரேக்கையும் டயரையும் விளக்கையும் பார்த்துவிட்டு எழுதப்படும் அறிக்கை அது; ஸ்டீயரிங் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கவோ, ஏர்பேக் கணினியில் பதிந்திருப்பதைப் படிக்கவோ அங்கே வசதி கிடையாது. அதைப் பார்த்துவிட்டு, கார் கம்பெனிமேல் வழக்கே நிற்காது என்று உறவினர் பலர் சொன்னார்கள். அது சரியல்ல.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறைபாட்டால் விளையும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயத்தையே கொண்டிருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, எச்சரிக்கை வாசகம் போதாமை ஆகிய ஒவ்வொன்றும் அதற்குள் அடங்கும். வாங்கியவரின் சம்மதத்தோடு வண்டியைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. ஆனால் அந்த அத்தியாயத்தின்படி கேட்கக்கூடியது உடலுக்கும் பிற உடைமைக்கும் மனத்துக்கும் ஏற்பட்ட தீங்குக்கான இழப்பீடு மட்டுமே. வண்டிக்கு ஏற்பட்ட சேதம் அதில் சேராது. வண்டியை மாற்றித் தரவோ விலையைத் திருப்பித் தரவோ கேட்பதானால், குறையுள்ள பொருள் என்ற முறையில் அதே மனுவில் தனியாகக் கேட்க வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

விபத்து நடந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில். தம்பி குடியிருப்பது பள்ளத்தூரில். குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்று சட்டம் சொல்வதால், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். கெடு 2 ஆண்டு.

ஏர்பேக் விஷயத்தில் 2022 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நமக்குப் பெரிய துணை. 2017 இல் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகியும் ஏர்பேக் திறக்காத ஹூண்டாய் க்ரெட்டா தொடர்பான வழக்கு அது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுச் சொல்ல வாங்குபவர் ஒன்றும் இயற்பியல் வல்லுநர் அல்லர் என்று கூறிய நீதிமன்றம், வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது.

ஆயினும் தீர்ப்பை நம்பி வண்டியை விட்டுவிடக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்து பயனில்லை என்று முடிவு செய்தால், உருக்குலைந்த வண்டி ஏலத்தில் பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். அதோடு ஸ்டீயரிங்கும் ஏர்பேக் கணினியும் போய்விடும். தம்பியின் வக்கீல் முதலில் அனுப்பியது இழப்பீடு கேட்கும் நோட்டீஸ் அன்று. வண்டியை யாரும் தொடவோ விற்கவோ கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்ஷாப்புக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதற்குள் ஒர்க்ஷாப்காரர்கள் டேஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. வண்டி அப்படியே இருந்தால்தான் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்க முடியும். இதற்கு முன் ஸ்டீயரிங் கடினமாக இருக்கிறது என்று சர்வீஸில் சொல்லியிருந்தால், அந்த ஜாப் கார்டு தங்கத்துக்குச் சமம்.

பின்சீட்டில் இருந்த சித்திக்குக் கால் முறிந்தது. அவருக்கான வழி மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். 2022 ஏப்ரலிலிருந்து அங்கே கெடு 6 மாதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு சிக்கல். அந்தச் சட்டத்தின் 166 ஆவது பிரிவில் கேட்டால் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அதாவது, மகன்மேல் தவறு என்று தாய் ஓரிடத்திலும், வண்டிமேல் தவறு என்று மகன் இன்னோரிடத்திலும் சொல்ல நேரும். கம்பெனி வக்கீல் முந்தைய மனுவின் நகலை நீட்டிவிடுவார். யார் தவறு என்று காட்டத் தேவையில்லாத 164 ஆவது பிரிவில் கொடுங்காயத்துக்குக் கிடைப்பது இரண்டரை லட்சம் மட்டுமே, ஆனால் இந்த முரண் எழாது. இரண்டு மனுவையும் ஒரே வக்கீலிடம் கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

மாற்றம் செய்த வண்டி என்றால் விற்பவர் (தயாரிப்பாளரே விற்பவராகவும் இருந்தால் அவரும்) தப்பிக்க நுகர்வோர் சட்டத்திலேயே இடமுண்டு. நம் ஊரில் பாதிக் கார்களின் முன்னே இரும்புக் கம்பி பூட்டியிருக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியும் யாரும் கழற்றவில்லை. உங்கள் வண்டியில் அது இருந்தால், ஏர்பேக் திறக்காததற்கு அதையே காரணமாகக் காட்டுவார்கள். வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பின் பதிலுரையைப் படித்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.