பொங்கலுக்கு ஊருக்குப் போகுமுன் ஓர் ஆட்டோ ரிப்ளை

திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்களுக்கு லீவு என்பது பாதி லீவுதான். 2026 ஜனவரி 15 நமக்குத் தைப்பொங்கல். ஜெர்மனி பையருக்கு வெறும் வியாழக்கிழமை. லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவல், சைஸ் செட் (ஒவ்வொரு சைஸிலும் தைத்த மாதிரி) கமெண்ட்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று மெயில் வந்துகொண்டேதான் இருக்கும். பதில் இல்லையென்றால் அடுத்த மெயில் எம்.டி.க்கு சிசி போட்டு வரும். அதனால் ஊருக்குப் பை கட்டும் முன்பே, நான் இல்லாதபோது தானாகப் போகும் ஆட்டோ ரிப்ளையை எழுதி வைத்துவிடுவேன்.

இதை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுத்தவர்கள் இத்தாலிக்காரர்கள். ஆகஸ்டில் அவர்களுக்கு மெயில் போட்டுப் பாருங்கள். 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை, அதையொட்டிப் பல கம்பெனிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். வருவது இரண்டு வரிப் பதில்: இந்தத் தேதிவரை இல்லை, அவசரம் என்றால் இவரைக் கேளுங்கள். ஒரு ‘மன்னிக்கவும்’கூட இருக்காது. நம் ஆட்கள் எழுதுவதோ, ‘மெயில் பார்க்கும் வசதி குறைவாக இருக்கும்’. குறைவாக என்றால் கொஞ்சமாவது இருக்கிறது என்றுதானே பையர் எடுத்துக்கொள்வார்? நான் ‘மெயில் பார்க்க மாட்டேன்’ என்றே எழுதுகிறேன். எங்கள் மேனேஜருக்கு இது கொஞ்சம் கடுமையாகப் படுகிறது. படட்டும்.

தேதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். தீபாவளி முடிந்து நவம்பர் 9 வருவேன் என்பதை 09/11 என்று எழுதினால் அமெரிக்க பையருக்கு அது செப்டம்பர் 11. ‘அடுத்த வாரம்’ என்பதும் வேண்டாம், மெயிலை அவர் எந்த வாரம் படிக்கிறாரோ!

அவசரத்துக்கு யாரைக் கேட்பது என்பதுதான் உண்மையில் கஷ்டமான வரி. ஜூனியர் பெண்ணின் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “ஏனுங்க்கா, எம்பேரப் போட்டுட்டு நீங்க ஊருக்குப் போயிருவீங்க, பையர் என்னையல்ல புடிச்சுக்குவாங்க?” என்றாள். நியாயம்தான். ஃபேக்டரியே மூடியிருக்கும்போது சாம்பிளைப் பற்றி அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் தூத்துக்குடியிலிருந்து ஏற்கெனவே கப்பலேறிய சரக்கின் டாக்குமெண்ட் காத்திருக்காது. ஆகவே ஷிப்பிங் பார்க்கும் அண்ணனிடம் சொல்லிவிட்டு, ‘ஷிப்மெண்ட் டாக்குமெண்ட்டுக்கு மட்டும்’ என்று அவர் மெயில் ஐடியைப் போட்டேன். மற்றதெல்லாம் நான் திரும்பி வரும் 19 ஜனவரி, திங்கள்.

ஜிமெயிலில் செட்டிங்ஸ் போய், ஜெனரல் பக்கத்தின் அடிவரை இறங்கினால் ‘வெக்கேஷன் ரெஸ்பாண்டர்’ கிடைக்கும். மொபைல் ஆப்பிலும் உண்டு, பஸ்ஸில் உட்கார்ந்தேகூடப் போடலாம். இதில் நாள்தான் குறிக்க முடியும், மணி குறிக்க முடியாது. தொடங்கும் நாளின் நள்ளிரவு 12 மணிக்கே ஓட ஆரம்பித்துவிடும். மாலை ஏழு மணிக்கு நாம் கிளம்பும்போது ஜெர்மனியில் மதியம் இரண்டரைதான். இன்னும் பாதி நாள் மெயில் பாக்கி. அதனால் நான் கடைசி வேலைநாள் சாயங்காலம், கிளம்புகிற நேரத்தில்தான், அன்றைய தேதியையே போட்டு ஆன் செய்கிறேன். அவுட்லுக்கில் மணிவரை குறிக்கலாம். ஆபீஸ் ஆட்களுக்கு ஒரு பதில், வெளியாட்களுக்கு வேறு பதில் என்று பிரித்தும் எழுதலாம். இந்த இரண்டிலும் அவுட்லுக் கெட்டி.

ஜிமெயிலில் ‘கான்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு டிக் இருக்கிறது. சொந்த மெயிலுக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்; வீடு பூட்டிக் கிடக்கிறது என்று முன்பின் தெரியாதவர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஏற்றுமதி மெயிலில் போட்டால் புதிதாக விசாரிக்கும் பையருக்குப் பதிலே போகாது.

இரண்டு பக்கமும் ஆட்டோ ரிப்ளை இருந்தால் விடிய விடிய மாறி மாறிப் பதில் போகாதா என்று ஜூனியர் கேட்டாள். போகாது. 1980களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் யூனிக்ஸ் கணினிகளுக்கு எழுதிய ‘வெக்கேஷன்’ நிரலே, யாருக்குப் பதில் போனது என்று குறித்து வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு அதே ஆளுக்கு மறுபடி அனுப்பாது. தானாகப் போகும் பதிலுக்கு அடையாளம் இருக்க வேண்டும், அதைப் பார்த்தால் இன்னொரு ஆட்டோ ரிப்ளை வாய் திறக்கக்கூடாது என்றெல்லாம் 2004இல் ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தரநிலை ஆவணமும் வந்தது. ஜிமெயில் வைத்திருக்கும் இடைவெளி நான்கு நாள்.

துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்காரர்களுக்கு இதெல்லாம் செல்லாது. அவர்கள் மெயிலைத் திறப்பதே இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப் பிசினஸில் ‘அவே மெசேஜ்’ இருக்கிறது. சாதாரண வாட்ஸ்அப்பில் இல்லை. அவர்களுக்கு நேராக ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோ ரிப்ளை போட்டபின் உங்கள் இன்னொரு ஐடியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அதே ஐடியிலிருந்து இரண்டாவது முறை அனுப்பினால் ஜிமெயில் பேசாமல் இருக்கும், அந்த நான்கு நாள் கணக்குதான் காரணம். பதிலில் ஏதாவது ஒரு வார்த்தையை மாற்றி சேவ் செய்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும், திரும்பச் சோதிக்கலாம்.