பறவைக்கு வளையமிடப் பழகப் போகிறவர்களுக்கு

கொடைக்கானல் சோலைக்காடுகளில் பறவைகளுக்கு வளையமிடும், அதாவது பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டிவிடும், ஒரு ஆய்வுக் குழுவில் தன்னார்வலராகப் பயிற்சி எடுத்தேன். இதற்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகள் முதலில் கேட்பது "பறவையை எப்போது கையில் கொடுப்பார்கள்?" என்றுதான். சீக்கிரம் கொடுக்க மாட்டார்கள். அதுவரை குறிப்பெழுத உட்கார வைப்பார்கள். அதை எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதீர்கள், தொழிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

வெண்வயிற்றுச் சோலைக்கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளி இனமல்ல, ஈப்பிடிப்பான் குடும்பம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உயர்ந்த மலைகளில் மட்டும் வாழ்வது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கூட்டுக்கு இரை கொண்டுவந்தது எது என்று சொல்ல, காலில் உள்ள வண்ண வளையங்கள்தான் வழி. இடது கால் என்றால் பறவையின் இடது கால், உங்களுடையது அல்ல. சோலை நிழலில் நீலமும் பச்சையும் குழப்பும். ஒரு கால்தான் தெரிந்தது என்றால் அதை மட்டும் எழுதுங்கள், மற்றதை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

பறவை கைக்கு வந்ததும் கவனம் முழுக்க அதன் மூச்சில் இருக்கட்டும். நம்மைப் போல அதற்கு உதரவிதானம் (மூச்சிழுக்க உதவும் தசைத்திரை) கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. அதனால் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நிறுத்தி, உடலை உள்ளங்கையில் தளர்வாக வைக்கச் சொல்வார்கள். வயிற்று இறகை ஊதிப் பாருங்கள். அங்கே இறகு உதிர்ந்து தோல் தடித்திருந்தால் அது அடைகாக்கும் பறவை. வளையத்துக்குக் காத்திருக்கும் பறவைகளின் வரிசையில் அதற்கே முதலிடம். கூட்டில் முட்டை குளிர்ந்துகொண்டிருக்கும்.

எங்களுக்குத் தனியாகத் தேர்வு எதுவும் இல்லை. ஒரே சிறகைப் பயிற்சியாளரும் நாமும் தனித்தனியே அளப்போம். அழுத்தி நீட்டி அளந்தால் ஒரு எண், இயல்பாக விட்டு அளந்தால் இன்னொன்று. இருவர் அளவும் ஒத்துவரும்வரை விடமாட்டார்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம் அனுமதி. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆய்வுக்காகப் பறவை பிடிக்கவும் முறையான அனுமதி வேண்டும். சொந்தமாக வலை வாங்கிக் கட்டிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். அனுமதி பெற்ற குழுவில் சேருங்கள்.

கொடைக்கானலில் மூடுபனி இறங்கினால் வலையைச் சுருட்டிவிடுவோம். நனைந்த சிறு பறவை குளிரைத் தாங்காது. அந்த நேரத்தில் பென்சிலில் உலோக வளையம் மாட்டிப் பழகுங்கள். இடுக்கியால் மூடும்போது இரண்டு விளிம்பும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது.