நாற்காலியில் இருப்பவனின் காதல்

நேற்று இரவு ஒரு தன்பாலீர்ப்புக் காதல் நாவலைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். நாயகனுக்கு முதுகுத்தண்டில் அடி, சக்கர நாற்காலி. காதலன் வந்த மூன்றாம் மாதம் எழுந்து நடக்கிறான். ஏன் நடக்க வேண்டும்? உட்கார்ந்திருப்பவனை ஒருவன் காதலிக்க மாட்டானா? மனசு ரொம்ப வலித்தது.

நான் திரும்பத் திரும்பப் படிக்கிற கதைகளில் காதல் மருந்தாக வருவதில்லை. வலி கூடிய நாளில் வெளியே போகிற திட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வான் ஒருவன். நாற்காலியின் கைப்பிடியைத் தொடும் முன் "தள்ளட்டுமா?" என்று கேட்பான் இன்னொருவன். பேனிக் அட்டாக் வந்தால் கட்டிக்கொள்ளவா, தள்ளி உட்காரவா என்று முன்பே கேட்டு வைத்திருப்பான். அந்த ஒரு கேள்விக்காகவே அழுதிருக்கிறேன்.

இந்தக் கதைகளில் ஆறுவது காயம்தான்; ஆணை நேசிக்கும் மனசுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1990இல்தான். ஆங்கில எழுத்தாளர் ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1914இல் எழுதி முடித்த 'மாரிஸ்' நாவலில் இரண்டு ஆண்கள் கடைசியில் சேர்கிறார்கள். அது அச்சேறியது 1971இல், அவர் இறந்த பிறகு. அவ்வளவு காத்திருந்து வந்த சுபமுடிவு இது!

யாரையும் 'சரிசெய்யாத' காதல் நாவல் தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.